1865 மார்ச் 4: லிங்கன் பதவியேற்புப் படத்தில் உண்மையில் என்ன தெரிகிறது?

பழையநெகட்டிவ்

லிங்கனின் இரண்டாவது பதவியேற்புப் படத்தை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் கட்டடத்தின் கிழக்கு முகப்பு. நடுவில் ஒருவர் கையில் தாளோடு நிற்கிறார், பக்கத்தில் சின்னதாக ஒரு மேசை, சுற்றிலும் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஆட்கள், பின்னால் மேலே தூண்களுக்கு நடுவே ஒரு கூட்டம், மேடைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு இன்னொரு கூட்டம். எடுத்தவர் அலெக்சாண்டர் கார்ட்னர். இந்தப் படத்தை யார் எங்கே பகிர்ந்தாலும் கீழே ஒரே பேச்சுதான்: மேலே தொப்பியோடு நிற்கிறான் பார், அவன்தான் ஜான் வில்க்ஸ் பூத், சில வாரங்களில் லிங்கனைச் சுட்டுக் கொன்ற நடிகன். ஒரு சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி, அதோடு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம். நான்கு ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருக்கும் நிலையில், ஆயிரக்கணக்கான பேர் சேற்றில் கால் புதைய நின்று ஒரு பேச்சைக் கேட்கிறார்கள், அந்தக் கூட்டம் அப்படியே கண்ணாடியில் பதிந்து நமக்குக் கிடைத்திருக்கிறது, நாமோ அதில் ஒரு கொலைகாரனை மட்டும் தேடிவிட்டு மூடிவைத்துவிடுகிறோம்.

2008 வரை இந்த நிகழ்ச்சியின் படங்கள் என்று இரண்டுதான் கணக்கில் இருந்தன. வேறு மூன்று கண்ணாடி நெகட்டிவ்கள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலேயே பல ஆண்டுகளாக இருந்தன, ஆனால் அவற்றுக்குப் போட்டிருந்த குறிப்பு வேறு. போர் முடிந்த பிறகு 1865 மே மாதம் நடந்த படை அணிவகுப்பு என்றும், பின்னாளில் கிராண்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்ற நிகழ்ச்சி என்றும் எழுதிவைத்திருந்தார்கள். அங்கே புகைப்படப் பிரிவின் காப்பாளராக இருந்த கேரல் ஜான்சன், பழைய பதிவேட்டில் யாரோ ‘லிங்கன்?’ என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்ததைக் கவனித்து, ஏற்கெனவே தெரிந்த இரண்டு படங்களோடு பொருத்திப் பார்த்து, இவையும் அதே நாள்தான் என்று உறுதிசெய்தார். பெயர் தெரியாத ஒருவர் போட்ட அந்தக் கேள்விக்குறி இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் அப்படியே கிடந்திருக்குமோ.

இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன, இவற்றில் எதை உறுதியாகச் சொல்லலாம், எது வெறும் ஆசை, இதைப் பேசத்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

இருட்டறை

நான் பொழுதுபோக்காக ஈரத்தகடு முறையில் படம் எடுப்பவன், அதனால் கேமராவுக்குப் பின்னால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால்தான் படத்தில் இருப்பது ஏன் இருக்கிறது, இல்லாதது ஏன் இல்லை என்று புரியும்.

1851இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறை இது. தகட்டைத் துளி அழுக்கில்லாமல் துடைத்து, ஒரு மூலையை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு, நடுவில் கொலோடியனை ஊற்ற வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து உப்புகள் சேர்த்த பிசுபிசுப்பான திரவம் அது. தகட்டை ஒவ்வொரு மூலைப் பக்கமாகச் சாய்த்து ஓடவிட்டு, கடைசி மூலையில் மிச்சத்தைப் பாட்டிலுக்கே வடித்துவிடுவோம். கை கொஞ்சம் தடுமாறினாலும் வரி வரியாகப் படிந்துவிடும். லேசாக உறைந்ததும் இருட்டில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் இறக்கி 3 நிமிடம் போல வைத்தால் பால்நிறப் படலமாக மாறி வெளியே வரும். சொட்டச் சொட்ட அதை மரச்சட்டத்துக்குள் போட்டுக் கேமராவுக்கு ஓட வேண்டும். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மறுபடி மூட வேண்டும். திரும்ப இருட்டுக்குள் வந்து இரும்பு சல்பேட் கரைசலை ஒரே வீச்சில் தகடு முழுக்கப் பரவும்படி ஊற்றினால் சில நொடிகளில் உருவம் எழும். அப்புறம் தண்ணீர், அப்புறம் உருவம் நிலைக்கச் சயனைடு கரைசல் அல்லது ஹைப்போ, கழுவிக் காயவைத்து வார்னிஷ். பூசியதிலிருந்து டெவலப் செய்வது வரை எல்லாமே தகடு காய்வதற்குள், சுமாராக 10 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். அதனால் இருட்டறை வண்டியோ கூடாரமோ கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

இப்போது பேச்சை இதோடு சேர்த்துப் பாருங்கள். லிங்கன் அன்றைக்குப் பேசியது சுமார் 700 சொற்கள், 6 அல்லது 7 நிமிடம். அவர் எழுந்து நின்ற பிறகு தகட்டில் கொலோடியனை ஊற்ற ஆரம்பித்தால், தகடு கேமராவுக்கு வந்து சேரும்போது பேச்சு முடியப்போகும் நேரம். ஆக அவர் எழுவதற்கு முன்பே தகடு தயாராகிச் சட்டத்துக்குள் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் உள்ளே செனட் மண்டபத்தில் துணை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் பதவியேற்பு நடந்துகொண்டிருக்கிறது, அவர் டைஃபாய்டு காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர், தெம்புக்கு என்று விஸ்கி குடித்துவிட்டு மேடையேறி நிறுத்தாமல் உளறிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கேமராக்காரர் தகட்டைப் பூசுவதா வேண்டாமா என்று தவித்திருப்பார். சீக்கிரம் பூசினால் காய்ந்துவிடும், தாமதித்தால் தருணம் போய்விடும்.

வெளிச்சமும் சிக்கல்தான். காலையெல்லாம் மழை, தெருவெல்லாம் சேறு. லிங்கன் பேச முன்னே வந்த நேரத்தில் சூரியன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததாகப் பத்திரிகையாளர் நோவா புரூக்ஸ் எழுதியிருக்கிறார். பலரும் அதை நல்ல சகுனமாகப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கிழக்கு முகப்பு, நிகழ்ச்சியோ நடுப்பகலைத் தாண்டி நடந்தது, சூரியன் மேற்கே சரியத் தொடங்கினால் அந்த முகப்புக்கு நேர்வெயில் கிடைக்காது, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் கையில் தாளோடு நிற்பது நமக்குத் தெரிகிறதே, அது பெரிய காரியம்.

ரவிசங்கர்77

அருமையான விளக்கம், இருட்டறை சார். ஒரு கேள்வி, பதவியேற்பை முதலில் படம் எடுத்தது லிங்கனுக்குத்தானா? அப்படித்தான் எங்கோ படித்த ஞாபகம்.

மீனாட்சி_டி

ரவிசங்கர், அதற்கும் முன்பே உண்டு. இன்றைக்கு நமக்குத் தெரிந்தவற்றில் முதல் படம் ஜேம்ஸ் புக்கானன் பதவியேற்றது, 1857 மார்ச் 4. அதே கிழக்கு முகப்பு. எடுத்தவர் ஜான் வுட்.

அந்தப் படம் ஏன் எடுக்கப்பட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. அப்போது கேப்பிடல் கட்டடத்தைப் பெரிதாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பொறுப்பில் இருந்தவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ் என்ற ராணுவப் பொறியாளர். கட்டட வரைபடங்களைக் கையால் நகலெடுப்பது பெரிய வேலை, அதற்குப் புகைப்படம் வசதி என்று கண்டுகொண்டு வுட்டை வேலைக்கு வைத்தார். வரைபடம் நகலெடுப்பது, தூண் ஏறுவதையும் இரும்பு வந்து இறங்குவதையும் படம்பிடிப்பது, இதுதான் வுட்டின் வேலை. வேலை நடக்கும் இடத்திலேயே கேமராவும் ரசாயனமும் ஆளும் தயாராக இருந்ததால் பதவியேற்பும் பதிவாகிவிட்டது. வரலாற்றுக்காக யாரோ திட்டம் போட்டதைவிட, ஒரு பொறியாளரின் நகல் தேவைதான் நமக்கு இந்தப் படத்தைத் தந்தது.

படத்தைப் பார்த்தால் மேடையில் கூட்டம், பெரிதாக முகம் எதுவும் தெரியாது. ஆனால் அந்த மேடையில் புக்கானனுக்குப் பிரமாணம் செய்துவைத்தவர் தலைமை நீதிபதி ரோஜர் டானி. அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குள் வரலாமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் சீக்கிரமே தீர்த்துவைக்கும், அதை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று புக்கானன் அன்றைய உரையில் சொன்னார். இரண்டே நாளில், மார்ச் 6 அன்று, டிரெட் ஸ்காட் தீர்ப்பு வந்தது: கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்று. தீர்ப்பு எப்படி வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும், நீதிபதிகளோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடு வெளியான உண்மை. இதைத் தெரிந்துகொண்டு அந்த மங்கலான படத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறுகிறது. அங்கே கைதட்டிக்கொண்டு நிற்பவர்களில் எத்தனை பேர் அடுத்த பத்து ஆண்டுக்குள் மகனை இழந்திருப்பார்கள்.

தென்னவன்

எல்லாம் சரி, ஆனால் பூத் விஷயத்தை ஆசை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். அவன் அன்றைக்கு அங்கே இருந்தான் என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. கொலைக்கு ஒரு வாரம் முன்பு நியூயார்க்கில் சாமுவேல் செஸ்டர் என்ற நடிகரிடம், பதவியேற்பு நாளில் நினைத்திருந்தால் ஜனாதிபதியைக் கொல்ல எவ்வளவு அருமையான வாய்ப்பு இருந்தது என்று மேசையைக் குத்திச் சொல்லியிருக்கிறான். செஸ்டர் இதை விசாரணையிலேயே சொன்னார். ஒரு செனட்டரின் மகளோடு அவனுக்குப் பழக்கம், அந்த வழியில் அனுமதிச்சீட்டு கிடைத்திருக்கும் என்றும் சொல்கிறார்கள். அதோடு மேலே நிற்கும் அந்த உருவத்தின் மீசை, நிற்கிற தோரணை, தொப்பி எல்லாம் அவனுடைய ஸ்டுடியோ படங்களோடு ஒத்துப்போகிறது. இத்தனை சேர்ந்து வரும்போது எப்படி ஒதுக்குவது?

இன்னொன்றும் சொல்கிறேன். 41 நாளில் கொல்லப்படப்போகிறவரும் கொல்லப்போகிறவனும் ஒரே தகட்டில் இருக்கிறார்கள் என்றால் அது மனித வரலாற்றிலேயே அபூர்வமான படம். அதைத் தேடுவதில் தப்பில்லை.

பழையநெகட்டிவ்

தென்னவன், தேடுவதில் தப்பே இல்லை. அவன் அந்த வளாகத்தில் இருந்தான் என்பதை நானும் மறுக்கவில்லை, செஸ்டரின் சாட்சியம் வலுவானது. நான் சொல்வது அடுத்த படி பற்றி. ‘அங்கே இருந்தான்’ என்பதிலிருந்து ‘இதோ இந்த உருவம்தான்’ என்பதற்குப் போக, படத்துக்குள்ளேயே ஆதாரம் வேண்டும்.

படத்தை ஜூம் செய்து பாருங்கள். அந்த உருவத்தின் முகம் மொத்தத் தகட்டில் கடுகளவுகூட வராது. கண் இருக்கும் இடத்தில் ஒரு நிழல், மூக்குக்குக் கீழே ஒரு கறுப்பு. 1865இல் வாஷிங்டனில் கறுப்பு மீசையும் உயரத் தொப்பியும் வைத்த இளைஞன் என்றால் அந்த மாடத்திலேயே எத்தனை பேரைக் காட்டலாம். தோரணை ஒத்துப்போகிறது என்கிறீர்கள், ஸ்டுடியோவில் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்து நிறுத்தி எடுத்த படத்தையும் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பவனையும் எப்படி ஒப்பிடுவது? இந்த ஒருவனோடு நிற்கவும் இல்லை. மேடைக்குக் கீழே நிற்பவர்களில் பவல், ஹெரால்ட், அட்ஸெராட் என்று சதிகாரர் கூட்டம் முழுவதையும் அடையாளம் காட்டியவர்கள் உண்டு. ஒருவனைக் கண்டுபிடித்த கண் மற்றவர்களையும் கண்டுபிடிக்கத்தான் செய்யும்.

லிங்கன் விஷயத்தில் நமக்கு எப்படி உறுதி? இடம் தெரியும், மேசை தெரியும், கையில் தாள் தெரியும், சுற்றி நிற்பவர்கள் அவர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். முகத்தை மட்டும் வைத்து நாம் அதைச் சொல்லவில்லை.

அந்த மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுக் கட்டடங்களுக்கு ஆணையராக இருந்த பெஞ்சமின் பிரெஞ்ச் என்பவர் ஏற்பாட்டில், கேப்பிடல் கோபுரத்துக்கு வார்த்த இரும்பின் பாகங்களைக் கொண்டு செய்தது அது. இப்போதும் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. படத்தில் உள்ள ஒரு பொருளை இன்றைக்கும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது எனக்கு அந்த மீசைக்காரனைவிடப் பெரிய ஆச்சரியம்.

ஃபாத்திமா_என்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதில் யாருக்கு வட்டம் போடுகிறோம் என்று யோசித்தால் எனக்கு முதலில் வருவது ஃபிரடெரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அடிமை முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் போராடிய கறுப்பினத் தலைவர். அவர் அன்றைக்கு அங்கே கூட்டத்தில் நின்றார், அதை அவரே எழுதியிருக்கிறார். லிங்கன் தன்னை ஜான்சனுக்குச் சுட்டிக்காட்டியதையும், அந்தக் கணத்தில் ஜான்சன் முகத்தில் வந்துபோன வெறுப்பையும் நின்ற இடத்திலிருந்தே படித்துவிட்டார். கூட்டத்தில் அவ்வளவு கிட்டே நின்றிருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகமாகப் படம் எடுத்துக்கொண்டவர் டக்ளஸ்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், சுமார் 160 படங்கள் வரை கண்டுபிடித்திருக்கிறார்கள். கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டிருந்த காலத்தில் கேமரா மட்டும்தான் தன்னைத் தன் முகத்தோடு காட்டும் என்று நம்பி, புகைப்படத்தைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றியவர். அப்படிப்பட்டவர் இந்தத் தகடுகளில் ஏதோ ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் நின்றுகொண்டிருக்கலாம், அவரைத் தேடி ஒருவரும் சிவப்பு வட்டம் போடுவதில்லை.

அன்றைய ஊர்வலத்தில் கறுப்புப் படைவீரர்களும் அணிவகுத்தார்கள், பதவியேற்பு ஊர்வலம் ஒன்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. எட்டு ஆண்டுக்கு முன்பு இதே முகப்பில் டானி பிரமாணம் செய்துவைத்ததை மீனாட்சி அக்கா சொன்னார்கள். 1865இல் பிரமாணம் செய்துவைத்தவர் சால்மன் சேஸ், அடிமை முறைக்கு எதிராகக் காலமெல்லாம் வழக்காடியவர். அதே படிக்கட்டு, அதே தூண்கள்.

அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போன டக்ளஸை வாசலில் போலீஸ்காரர்கள் தடுத்தார்கள். உள்ளே சொல்லி அனுப்பி ஒருவழியாக நுழைந்த பிறகு, லிங்கன் எல்லோர் காதிலும் விழும்படி நண்பர் என்று அழைத்து, என் பேச்சு எப்படி இருந்தது, உங்கள் கருத்தைவிட எனக்கு வேறு எவர் கருத்தும் முக்கியமில்லை என்று கேட்டார். அது ஒரு புனிதமான முயற்சி என்றார் டக்ளஸ். இது எந்தத் தகட்டிலும் பதியவில்லை, டக்ளஸ் எழுதிவைத்ததால் நமக்குக் கிடைத்தது.

ரவிசங்கர்77

கார்ட்னர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் செத்துக் கிடந்த ஒரு வீரனின் உடலைப் பாறைகளுக்கு நடுவே நகர்த்திவைத்து, பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, குறிபார்த்துச் சுடும் எதிரிப் படைவீரன் பதுங்கியிருந்த இடம் என்று தலைப்புப் போட்ட படம் அவருடைய நிறுவனத்திலிருந்து வந்ததுதானே. அதே உடல் வேறு இடத்தில் கிடக்கும் படங்களும் இருப்பதை வைத்து வரலாற்றாய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்தவரின் பதவியேற்புப் படத்தை மட்டும் எப்படி நம்புவது?

இருட்டறை

நியாயமான கேள்வி. ஆனால் கெட்டிஸ்பர்க் படத்தில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். தகட்டில் இருப்பது உண்மையான உடல், உண்மையான பாறை. அவன் யார், அங்கே என்ன செய்தான் என்ற கதை தலைப்பில்தான் சேர்ந்தது. பதவியேற்பு மேடையில் நூற்றுக்கணக்கானவர்களை நகர்த்திவைக்க யாராலும் முடியாது, இருந்தாலும் தலைப்பு அங்கேயும் கோளாறு செய்திருக்கிறது: முதல் பதிவில் சொன்ன மூன்று நெகட்டிவ்களையும் ஒரு தவறான சீட்டு எத்தனை ஆண்டு வேறு நிகழ்ச்சியாக மாற்றி வைத்திருந்தது! பூத் வட்டமும் என்னைப் பொறுத்தவரை அந்த வகைச் சீட்டுதான்.

கார்ட்னருக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்பு வேலை பார்த்த மேத்யூ பிரேடியின் நிறுவனத்தில் யார் எடுத்த படமானாலும் பிரேடி பெயரில்தான் வரும். கார்ட்னர் தனியே கடை போட்ட பிறகு 1866இல் கொண்டுவந்த போர்ப் படத் தொகுப்பில் 100 படங்களுக்கும் எடுத்தவர் யார், பிரிண்ட் போட்டவர் யார் என்று பெயர் கொடுத்தார். விலை 150 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை, விற்கவில்லை. ஆனால் இன்றைக்கு டிமோதி ஓ’சல்லிவன் போன்றவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

தலைப்பு சரியாகவே இருந்து ஆள் தெரியாமல் போன கதையும் உண்டு. 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க் கல்லறைத் திறப்பு. எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார், லிங்கன் இரண்டு நிமிடம்தான். கூட்டத்தைக் காட்டும் ஒரு நெகட்டிவ் இருந்தது, ஆனால் 1952 வரை அதில் லிங்கன் இருப்பது யாருக்கும் தெரியாது. தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜோசஃபின் காப் என்ற அம்மையார்தான் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்து, தொப்பியில்லாமல் குனிந்த தலையோடு இருப்பவர் லிங்கன் என்று அடையாளம் கண்டார்.

மீனாட்சி_டி

1861 முதல் பதவியேற்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு எல்லாவற்றையும்விட அந்தப் படம்தான் பிடிக்கும். கோபுரம் பாதியில் நிற்கிறது, சாரமும் பளுதூக்கியும் வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கீழே மேடைக்கு மேல் மரக்கூரை போட்டிருக்கிறார்கள், அதன் நிழலில் முகங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. ஏற்கெனவே 7 மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டன. கொலைமிரட்டல் இருந்ததால் கேப்பிடல் ஜன்னல்களில் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தியிருந்தார் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்.

அதற்கு 14 நாள் முன்பு, பிப்ரவரி 18 அன்று, அலபாமா மாநிலம் மாண்ட்கோமரியில் பிரிந்துபோன மாநிலங்களின் ஜனாதிபதியாக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றார். அதையும் மக்கின்டயர் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் எடுத்திருக்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூண் வைத்த வெள்ளைக் கட்டடம், முன்னால் கூட்டம், அமைப்பு ஒன்றேதான். இதில் நெஞ்சை அறுப்பது என்னவென்றால், வாஷிங்டன் கேப்பிடல் விரிவாக்கத்தை 1853இலிருந்து போர்த்துறைச் செயலாளராக மேற்பார்த்தவரும், மெய்க்ஸை அந்த வேலையில் அமர்த்தியவரும் இதே டேவிஸ்தான். கோபுர உச்சிக்கான சுதந்திரச் சிலை வடிவமைப்பில், விடுதலையான அடிமைகள் அணியும் குல்லாய் இருந்ததை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதை மாற்றி இறகு வைத்த தலைக்கவசம் போட்டார்கள். அந்தச் சிலையை வெண்கலத்தில் வார்த்த பட்டறையில் உழைத்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ரீட், அடிமை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் நாளுக்கு 1 டாலர் 25 சென்ட் அவர் கைக்கு வந்தது, மற்ற நாள் கூலி முதலாளிக்கு. 1862 ஏப்ரலில் வாஷிங்டனில் அடிமை முறை ஒழிந்து அவர் விடுதலையானார், 1863 டிசம்பர் 2 அன்று சிலை உச்சிக்கு ஏறியது. 1865இல் லிங்கன் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றபோது அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ரீட் கைபட்ட சிலை நிற்கிறது.

தென்னவன்

மீனாட்சி மேடம், ரீட் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன், நன்றி. ஒரு சின்ன சந்தேகம், அன்றைய மக்கள் இந்தப் படங்களைப் பார்த்தார்களா? செய்தித்தாளில் வந்ததா?

பழையநெகட்டிவ்

படமாக வரவில்லை, அச்சுத் தாளில் புகைப்படத்தை நேரடியாகப் போடும் தொழில்நுட்பம் 1880களில்தான் பரவியது. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பார்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி 1865 மார்ச் 18 இதழில் கார்ட்னர் படத்தை வைத்துச் செதுக்கிய சித்திரம் வந்தது. பெரிய சித்திரம் என்றால் கட்டையைப் பல துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, பிறகு திருகி ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். மங்கலாக விழுந்த முகங்கள் செதுக்குபவர் கையில் தெளிவாகிவிடும், அதையும் மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கார்ட்னரின் அந்த வருடத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. பிப்ரவரி 5 அன்று லிங்கன் அவருடைய ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தார், அன்று எடுத்ததில் ஒரு தகடு விரிசல் விட்டது, ஒரே ஒரு பிரிண்ட் போட்டதோடு சரி, லிங்கன் நெற்றிக்கு மேல் அந்தக் கோடு ஓடும். மார்ச் 4 பதவியேற்பு. ஏப்ரல் கடைசியில் சாகஸ் என்ற இரும்புக் கப்பலில் விலங்கிட்டு வைத்திருந்த லூயிஸ் பவலைப் படம் எடுத்தார். ஜூலை 7 அன்று லிங்கன் கொலைச் சதி வழக்கில் பவல், ஹெரால்ட், அட்ஸெராட், மேரி சுராட் நால்வரையும் தூக்கிலிட்டபோது சிறைவளாகத்தில் கேமராவோடு நின்றதும் அவரும் ஓ’சல்லிவனும்தான். எல்லாம் ஐந்து மாத இடைவெளியில், அதே கொலோடியன், அதே வெள்ளி நைட்ரேட்.

ஃபாத்திமா_என்

தூக்குமேடைப் படங்களைப் பார்த்திருக்கிறேன். மேரி சுராட்டுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சில நிமிடத்தில் கயிறு. அந்தக் குடையை என்னால் மறக்க முடிவதில்லை.

தென்னவன்

காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெரிய டிஃப் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிவிட்டேன். பூத் அங்கே இருந்தான் என்ற என் நிலைப்பாடு மாறவில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்று இருட்டறை சார் கொஞ்சம் சொல்லுங்கள், தெளிவில்லாத இடங்களில் எது ஆள் எது கறை என்றே தெரியவில்லை.

இருட்டறை

முதலில் ஒளியளவைக் கூட்டாதீர்கள், நிழல் பகுதியை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். வானம் வெறும் வெள்ளையாக இருக்கும், அது மேகம் இல்லை, அந்த ரசாயனம் நீல ஒளிக்குத்தான் அதிகமாக வேலை செய்யும். அதே காரணத்தால் சிவப்பு கறுப்பாகத் தெரியும், கொடிகளில் சிவப்புப் பட்டையைக் கவனித்தால் புரியும். துல்லியமான விளிம்போடு சின்னப் புள்ளியாக இருந்தால் பெரும்பாலும் தூசி அல்லது வெள்ளித் தொட்டிக் கறை. ஓரம் கரைந்து பின்னால் உள்ள தூணோ சுவரோ அதன் வழியே லேசாகத் தெரிந்தால் அது அசைந்த ஆள். மூலையில் பூச்சு இல்லாமல் வெறுமையாக ஒரு திட்டு இருந்தால் அது தகட்டை விரலால் பிடித்த இடம். ஸ்டீரியோ நெகட்டிவ், அதாவது இரண்டு லென்ஸால் ஒரே காட்சியைப் பக்கம் பக்கமாக எடுத்த தகடு கிடைத்தால் இடது பாதியையும் வலது பாதியையும் ஒப்பிடுங்கள், இரண்டிலும் இருந்தால்தான் அது காட்சியில் இருந்த பொருள், ஒன்றில் மட்டும் என்றால் தகட்டின் குறை.

இன்னொன்று, நெகட்டிவை எந்தப் பக்கம் வைத்து ஸ்கேன் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இடவலம் மாறிவிடும், இணையத்தில் சுற்றும் பிரதிகளில் இந்தக் குழப்பம் சகஜம். முன்வரிசையில் நிற்கும் ஆண்களின் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள். பொத்தான் அவர்களுடைய வலது கைப் பக்கம், அதாவது படத்தைப் பார்க்கும் உங்களுக்கு இடது பக்கம் இருந்தால் படம் நேராக இருக்கிறது. மாறியிருந்தால் திருப்பிவிட்டு அப்புறம் தேட ஆரம்பியுங்கள்.